இதை மட்டுமா, எல்லாவற்றையுமா

ஐவின் கடையில் இரண்டையுமே கொடுத்தனுப்பினான்.
"அடுத்த திங்கள் வரை வைத்துக்கொள், தூருன்.
பிடித்ததற்குக் காசு. மற்றதைத் திருப்பிக் கொடு."
பெர்கனில் அன்றும் மழைதான்.
மழைக்கோட்டுப் பைகளில் ஆளுக்கொரு பக்கமாய்
தொடையில் தட்டிக்கொண்டே வந்தன.

இடப்பையில் இருப்பது சிப்பிபோலத் திறக்கும்.
பொடிப்பொடி விசைகள், லேசாய்க் கிறீச்சிடும் கீல்,
சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரி இரண்டு போதும்,
ஒரு மாதம் ஓடுமாம்.
வலப்பையில் இருப்பது தட்டை. கூடவே ஒரு குச்சி.
எழுதினால் படிக்கும்,
ஆனால் அதன் எழுத்தை நான் கற்றுக்கொண்டால்.
அதன் ‘ஏ’வுக்குக் குறுக்குச் சட்டம் கிடையாது,
வெறும் கூரை.

லாக்ஸெவோக் மேட்டில் மதியத்துக்குள் ஏழு வீடுகள்.
இன்சுலின், புண்கட்டு, காலுறை, கண்சொட்டு.
படிக்கட்டில் நின்றபடி ஒற்றைக் கையால்
குச்சி போட்ட டிக் முடிந்துவிடும்.
சிப்பிக்கோ உட்கார இடம் வேண்டும்:
யார் வீட்டுச் சலவை இயந்திரத்தின் தலையாவது,
ஜன்னல் விளிம்பாவது.
"என் முழங்காலில் வை, அது எங்கேயும் ஓடாது"
என்றார் ஹால்வ்டான் மூக்லெபுஸ்ட்,
சொட்டு விட்ட கண்ணை மூடிக்கொண்டே.
நான் தட்டினேன். அவர் அசையாமல் இருந்தார்.
"மற்றதன் குச்சியை நீ தொலைப்பாய்" என்றும் சொன்னார்.

புதன்கிழமை தொலைத்தேன்.
பஞ்சு சுற்றாத காதுக்குச்சியால் சமாளித்தேன்.

மாலை வகுப்பில் மருந்தியல்.
பேராசிரியை மூச்சுவிடாமல் பேசுகிறவர்.
சிப்பி அவர் பின்னாலேயே ஓடியது,
ஒரு கமாகூட விடாமல்.
தட்டையில் மூன்றாம் பக்கத்திலேயே மணிக்கட்டு வலி,
வார்ஃபரின் நார்ஃபரின் ஆனது.
வீட்டில் சுன்னீவா, குளிர்பெட்டியில் நான் ஒட்டிய
சாமான் சீட்டைப் பார்த்துக் கேட்டாள்:
"இதென்ன, ஊரெல்லாம் கூடாரம்?"
காகிதத்திலும் என் ‘ஏ’ சட்டத்தை இழந்திருந்தது.

வியாழன் இரவு தாளை நடுவில் மடித்து
கோடு போட்டு மதிப்பெண் இட்டேன்.
விலை, எடை, கணினியோடு பேசும் வேகம்,
நனைந்தால் என்ன ஆகும்.
தட்டை முன்னணியில் இருந்தது.

வெள்ளி, எட்டேமுக்கால்.
அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள்.
மூக்லெபுஸ்ட் வீட்டுக்கு இனிப் போக வேண்டாம்,
இரவே, தூக்கத்திலேயே.

பேருந்து நிழற்குடையில் இரண்டையும் எடுத்தேன்.
செவ்வாய், வெள்ளி, ஒன்பது இருபது.
முடிவுத் தேதி: இல்லை.
திங்களன்று அப்படித்தான் பதிந்திருந்தேன்,
இரண்டிலும்.

தட்டையில் குப்பைக்கூடைமேல் ஒரு தட்டு.
மெல்ல ஒரு ‘பீப்’.
அவ்வளவுதான். அடுத்த வாரம், கோடை,
அது எட்டும் கடைசி ஆண்டுவரை
ஒன்பது இருபதுகள் எல்லாம் வெள்ளை.

சிப்பி கேட்டது:
இதை மட்டுமா,
இனி வருபவை எல்லாவற்றையுமா?

ஒரு பேருந்து வந்து போனது.
ஓட்டுநர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.
இதை மட்டும், என்று அழுத்தினேன்.

திங்களன்று ஐவினிடம் பேட்டரியைப் பற்றிச் சொன்னேன்,
விசைகளைப் பற்றி, பரீட்சையைப் பற்றி.
எல்லாம் உண்மைதான்.
அவன் தலையாட்டி ரசீது எழுதினான்,
தொலைந்த குச்சிக்குத் தனியாக முப்பது குரோனர்.

செவ்வாய் ஒன்பது இருபதுக்கு
அலுவலகம் புதிதாய் ஒருவரைப் போட்டிருந்தது,
இடுப்பு அறுவை, மூன்றாம் மாடி.
படியில் நின்று பதியப் பார்த்தேன்.
மடி இல்லை. சுவரில் சாய்த்து, மோவாயால் அழுத்திப் பிடித்து
ஒவ்வொரு எழுத்தாய்.

நேரம் மோதுகிறது, என்றது சிப்பி.
தெரியும், என்று மூடினேன்.